அம்புக்குறியார் கட்டிய வண்டி வீடு

என் தங்கையின் கணவருக்கு அம்புக்குறியார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அதை அவரே மறந்திருப்பார். முப்பத்தாறு வருடம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து அறிவிப்புப் பலகை எழுதினார். 'வழி', 'வழி இல்லை', 'புகைபிடிக்காதீர்', 'தலை ஜாக்கிரதை'. எழுத்து அழகுதான், அதில் பொய் சொல்லக் கூடாது. அவர் இழுத்த அம்புக்குறியைப் பார்த்தால் படுத்த படுக்கையாய்க் கிடப்பவன்கூட எழுந்து அந்தப் பக்கம் நாலடி நடப்பான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய அம்பை நம்பிப் பல் பிடுங்கப் போன ஆள் ஒருவர் இன்னும் மூன்றாவது மாடியில் சுற்றிக்கொண்டிருக்கிறாராம். நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அம்புக்குறியாரைப் பார்த்திருக்கிறேன், அதனால் நம்புகிறேன்.

ஒரு காரியத்தை எழுதிவிட்டால் செய்து முடித்துவிட்டதாகவே அவருக்கு நினைப்பு. குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிட மாட்டார். 'குழாய் ஒழுகும்' என்று நீலத்தில் எழுதி மாட்டிவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து ரசிப்பார். மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்தபோது 'மூன்றாவது படி இல்லை' என்று பலகை வந்தது. பதினொரு வருடம் அந்தப் படி வரவே இல்லை. தாண்டித் தாண்டி என் தங்கையின் இடது முழங்கால் போனதுதான் மிச்சம். மகள் பிறந்தபோது தொட்டிலில் ஒரு பலகை தொங்கவிட்டார். ஒரு பக்கம் 'தூங்குகிறது', மறுபக்கம் 'அழுகிறது'. குழந்தை வீறிட்டால் ஓடி வருவார். பலகையைத் திருப்பி வைப்பார். கடமை முடிந்தது என்று வேலைக்குப் போய்விடுவார்.

இப்படி ஒரு மனிதரோடு என் தங்கை முப்பது வருடம் குடித்தனம் செய்தாள். அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் தையல்காரி. புதுத் துணி வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்ப்பாள். பருத்தி என்றால் சாம்பலாகி உதிரும். நைலான் என்றால் சுருண்டு, உருகி, விரலில் ஒட்டும். நெருப்பு என்ன செய்யும் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஓய்வு பெற்ற மறு மாதமே அம்புக்குறியார் ஒரு ரொட்டிக் கம்பெனியின் பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதற்குள் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்து வண்டி வீடு ஆக்கப் போகிறாராம். மகள் இருக்கும் ஊருக்கு எட்டு நாள் வழி. ராணி மாதிரி படுத்துக்கொண்டே போகலாம் என்று தங்கையிடம் சொன்னார். ஐந்து மாதம் தட்டினார், ஒட்டினார், பெயின்ட் அடித்தார். முடிந்ததும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

உள்ளே ஏற ஒரே கதவு, பக்கவாட்டில். ஏறியவுடன் அடுப்பு. அதைத் தாண்டி உள்ளே போனால் கடைசியில் கட்டில். முன்னால் ஓட்டுநர் இருக்கைக்கும் வீட்டுக்கும் நடுவே இரும்புத் தடுப்பு. ரொட்டி இறக்கிய பின்கதவுகளை நிரந்தரமாக அடைத்து, ரப்பர் பட்டை வைத்து ஒரு கண்ணாடி பதித்திருந்தார். வெளிச்சத்துக்காம்.

தங்கை கட்டிலில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்தாள். நடுவில் இருந்த அடுப்பைப் பார்த்தாள்.

"ஏங்க, அடுப்புல தீப்பிடிச்சா நான் எந்தப் பக்கமா வெளிய வர்றது?"

"ஏன் பிடிக்கப் போகுது? நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?"

"பிடிச்சா?"

அவர் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லை என்பதால் முகம் கோணியது.

"இந்தப் பின்னாடி ஜன்னல் திறக்கணும். அது திறந்தாத்தான் இந்தக் கட்டில்ல நான் படுப்பேன். இல்லேன்னா முன் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டே வர்றேன்" என்றாள் தங்கை.

"அவ்வளவுதானே? நாளைக்கே முடிச்சுடறேன்."

முடித்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தக் கண்ணாடியிலேயே சிவப்பில், இருட்டில் ஒளிரும் பெயின்டில், 'அவசர வழி' என்று எழுதியிருந்தது. கீழே ஓர் அம்பு. அம்பென்றால் அம்பு, அப்படி ஓர் அம்பு. ஜன்னல் மட்டும் திறக்கவில்லை. கீலும் கிடையாது, கொக்கியும் கிடையாது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கேஸ் குழாயைச் சோதித்துக் கையெழுத்துப் போட ஒரு மெக்கானிக் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அம்புக்குறியார் ஏதோ குமிழியையே அடக்கி வைத்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

"தீயணைப்பான் எங்க சார்?"

"அதோ, அடுப்புக்கு நேர் மேல. நெருப்பு அங்கதானே வரும்? கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும்னு வச்சேன்."

"அப்ப, நெருப்புக்குள்ள கைய விட்டு எடுப்பீங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டால் தீயணைப்பானைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கதவுகிட்ட மாட்டுங்க சார். வெளிய நிக்கறவங்க கைக்கும் எட்டணும், முதுகுக்குப் பின்னாடி வழியும் இருக்கணும். தீ மேல போட்டு மூடற அந்தத் தீப்போர்வையையும் அடுப்பை விட்டுத் தள்ளி வைங்க." கூரையிலிருந்த புகை அலாரத்தின் பொத்தானை அழுத்தினாள். சத்தமே இல்லை. "இது ஏன் பேச மாட்டேங்குது?"

"பேட்டரிய எடுத்துட்டேன். அப்பளம் பொரிச்சாக்கூட ஊரைக் கூட்டுது. கீழ எழுதியிருக்கேன் பாரும்மா, 'புகை வந்தால் ஒலிக்கும்'னு."

"ஒலிக்காதே சார்."

"அதான் எழுதியிருக்கேனே!"

அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை கூரையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் குனிந்து, அடுப்புக்குக் கீழே தரையில் இருந்த ஓட்டையில் அடைத்திருந்த கார்க்கைக் கண்டாள்.

"இதை யாரு அடைச்சது?"

"நான்தான். தூசி வருது."

"கேஸ் காத்தை விட கனம் சார். ஒழுகிச்சுன்னா கீழதான் தேங்கும். அது வெளிய போறதுக்குத்தான் இந்த ஓட்டை." ஸ்க்ரூடிரைவரால் கார்க்கை நெம்பி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "இதை நான் கொண்டு போறேன். உங்ககிட்ட இருந்தா மறுபடி அடைப்பீங்க." ஒரு தாளில் ஐந்து வேலைகளை எழுதினாள். கடைசி வேலை, ஜன்னல். "இதெல்லாம் முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. அப்புறம்தான் கையெழுத்து."

அம்புக்குறியார் அன்று ராத்திரி சாப்பிடக்கூட வரவில்லை. திருந்திவிட்டாரோ என்று நாங்கள் ஏமாந்தோம். மறுநாள் காலையில் வண்டிக்குள் ஒரு புதுப் பலகை தொங்கியது. அவள் சொன்ன ஐந்து வேலைகளையும் நாலு வண்ணத்தில், பூ வேலைப்பாட்டுக் கரை போட்டு எழுதிக் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தார். 'பின் ஜன்னலைத் திறக்கும்படி அமைக்கவும்' என்ற வரிக்குப் பொன் நிறம். ஒரு வேலையும் நடக்கவில்லை. கையெழுத்தில்லாமலே வண்டி கிளம்பியது.

முதல் ராத்திரி தங்கை முன் சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவர் கட்டிலில் குறட்டை விட்டார். இரண்டாம் நாள் காலை, இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் மைதானம் ஒன்றில் நிறுத்தினார்கள். பக்கத்து வண்டியில் ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநரும் அவர் மனைவியும். இரண்டு பேர் கிடைத்தால் அம்புக்குறியாருக்குப் போதாதா?

"வாங்க தம்பி, உள்ள வந்து பாருங்க. பாதுகாப்புன்னா என்னன்னு தெரியும்."

தங்கை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பருத்தித் துணியில் கரை மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பருகே அவர் மாட்டியிருந்த பளபளப்பான நைலான் திரையைக் கழற்றிவிட்டு இதை மாட்டவேண்டும் என்பது அவள் திட்டம். பகலில் மட்டும்தான் அந்தப் பக்கம் உட்காருவாள். லாரி ஓட்டுநர் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"இப்ப அடுப்புல நெருப்புன்னு வச்சுக்குங்க" என்று அம்புக்குறியார் நிஜமாகவே அடுப்பைப் பற்றவைத்தார். "உடனே என் கை எங்க போகுது? இங்க!" என்று தீயணைப்பானை எட்டினார்.

அவர் முழங்கை திரையைத் தள்ளியது. திரை அடுப்பில் விழுந்தது. நைலான் என்ன செய்யுமோ அதைச் செய்தது. குப்பென்று பிடித்து, உருகி, சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே கீழே விழுந்தது. தீயணைப்பானுக்கும் கைக்கும் நடுவே இப்போது நெருப்பு. அம்புக்குறியார் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் முழு உடம்பையும் இழுத்துக்கொண்டார். லாரி ஓட்டுநரின் கால் மேல் குதித்து, தானே முதலில் வெளியே வந்தார்.

மனைவி உள்ளே.

லாரி ஓட்டுநர் வண்டியின் வெளிப்பக்கம் கேஸ் சிலிண்டர் இருந்த பெட்டியைத் திறந்து அதன் வால்வை அடைத்தார். அவர் மனைவி தன் வண்டிக்கு ஓடினாள். அம்புக்குறியார் என்ன செய்தார் தெரியுமா? பின்பக்கம் ஓடி, கண்ணாடிக்கு வெளியே நின்று, உயிர் போகக் கத்தினார்.

"அம்பைப் பாரு! அவசர வழின்னு போட்டிருக்கேன்ல! அம்பைப் பாரு!"

உள்ளே கரும்புகை கூரையிலிருந்து கீழே இறங்கியது. அலாரம் வாய் திறக்கவில்லை. தங்கை கட்டிலோடு குனிந்தாள். கையில் தையல் கத்திரிக்கோல் இருந்தது. அதன் கூர்முனையைக் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையில் குத்தி, மேல் ஓரத்தை அறுத்தாள், பக்கத்தை அறுத்தாள், இருமினாள், கீழ் ஓரத்தை அறுத்தாள். பிறகு மல்லாந்து படுத்து, நல்ல காலால் ஓங்கி ஓர் உதை. கண்ணாடி 'அவசர வழி'யோடு முழுசாகப் பெயர்ந்து வந்து அம்புக்குறியாரின் மார்பில் மோதி, அவரை மல்லாக்கத் தள்ளியது. அதன் மேலேயே தங்கை வந்து இறங்கினாள்.

அதற்குள் லாரி ஓட்டுநர் மனைவி தன் தீயணைப்பானோடு கதவருகே நின்று, நெருப்பின் அடிப்பகுதியைப் பார்த்துப் பொடியை அடித்தாள். பத்து நொடி. அணைந்தது.

கீழே கிடந்த மனிதர் முதலில் பேசிய பேச்சு இது: "கண்ணாடியைப் பேத்துட்டியே!"

தங்கை இருமி முடித்தாள். "பேக்கலை. முழுசா இருக்கு. கீல் வாங்கிட்டு வாங்க."

"முதல்ல ஒரு போர்டு..."

"பிரஷைத் தொட்டீங்க, உங்க கையை மடிச்சுத் தச்சுடுவேன். கீல் வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தார். இரண்டு நாள் அங்கேயே தங்கினார்கள். லாரி ஓட்டுநர் கீல் அடித்தார். தங்கை புது ரப்பரை ஒட்டினாள். தீயணைப்பான் கதவோரம் போனது, தீப்போர்வை அதற்குப் பக்கத்தில், அலாரத்துக்குப் பேட்டரி. பலகைகள் ஒன்று விடாமல் இறங்கின. படுக்கையும் மாறியது: கதவை ஒட்டிப் புதிதாகப் போட்ட பெஞ்சு தங்கைக்கு, பின் கட்டில் அவருக்கு. ஜன்னல் இப்போது திறக்கிறதே, அவளே படுக்கலாமே என்று அவர் முனகினார்.

"திறக்குதான்னு நீங்கதான் தினம் பாத்துச் சொல்லணும்" என்றாள்.

அன்றிலிருந்து எந்த இடத்தில் வண்டி நின்றாலும் காபிக்கு முன் ஒரு வேலை. அம்புக்குறியார் கட்டிலில் படுக்கவேண்டும். கதவு கிடையாது என்று வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே வரவேண்டும். தங்கை கைக்கடிகாரத்தோடு வெளியே நிற்பாள். முதல் நாள் இடுப்போடு சிக்கிக்கொண்டு ஒன்றரை நிமிடம் தொங்கினார். லாரி ஓட்டுநரும் இன்னும் நாலு பேரும் பிடித்து இழுத்தார்கள். வழியில் ஒரு மைதானத்தில், இதைப் பார்க்கப் பாய் விரித்து இடம் பிடித்து உட்கார்ந்தார்களாம். மனிதர் கொஞ்சம் இளைத்துத்தான் போனார்.

மகள் வீட்டு வாசலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தது காலை ஏழு மணிக்கு. மகள் ஓடி வந்து கேட்டைத் திறப்பதற்குள் காபிக்கு முந்தின வேலை தொடங்கியிருந்தது. வண்டியின் பின்பக்கம் முதலில் இரண்டு கால்கள் வந்தன, அப்புறம் ஒரு தொப்பை, அப்புறம் கழுத்து வரைக்கும் அவளைப் பெற்ற தகப்பனார்.

"என்னம்மா இது? அப்பா என்ன பண்றாரு?"

"இரு, பேசாத" என்றாள் தங்கை, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தலை இன்னும் உள்ளதான் இருக்கு."