இடது முன் சக்கரம்

அப்பாவிடம் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. வாங்கும்போதே பழைய வண்டிதான். ஆனால் நான்கு சக்கரங்களும் குரோம் பூசியவை. அவற்றில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பட்டாபிராமில் எங்கள் தெருவில் அதைவிட அழகான பொருள் இல்லை என்பது என் அப்போதைய முடிவு. இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு சவாரி முடிந்ததும் அப்பா சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெயிலில் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மயிரிழைக் கீறலும் தப்பாது. குத்துவிளக்குக்குப் போடும் பாலிஷைத் துளி எடுத்துப் பழைய பனியன் துணியால் தேய்ப்பார். முதலில் மண் போகக் கழுவ வேண்டும், அழுத்தக் கூடாது, வட்டமாகத் தேய்க்கவே கூடாது, நேராகத்தான். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தொடத்தான் அனுமதி இல்லை.

மூன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறை. மறுநாள் முகூர்த்தத்துக்கு மாங்காட்டுக் கோயிலுக்கு வண்டி போக வேண்டும். அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தார். அவருக்கு ஒரு வேலையைக் குறைப்போமே என்று எனக்கு நல்லெண்ணம். பாலிஷ் இருந்த தட்டு எட்டவில்லை. எட்டியது பாத்திரம் தேய்க்கும் பொடியும் கம்பி நாரும். மனப்பாடமெல்லாம் எங்கே போனதோ, இடது முன் சக்கரத்தை அழுத்தி, சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். ஈரத்தில் ஜொலித்தது. காய்ந்ததும் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள்.

"பாவி, இன்னாடி பண்ணி வச்சிகீறே? அப்பா பார்த்தா தோலை உரிச்சிடுவாரு" என்றாள் அம்மா.

அதற்குள் அப்பாவே துணியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். இப்படிச் சாய்ந்தார், அப்படிச் சாய்ந்தார். கட்டை விரலால் தடவினார்.

"பாப்பா தொடச்சியா? நல்லா பளபளன்னு கீது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கீறல் கீதுப்பா. முழுக்கக் கீது."

"எங்க? ஒண்ணியும் இல்லியே."

என் மேல் அப்பாவுக்கு இவ்வளவு பிரியமா என்று உருகிப்போனேன். அம்மா சக்கரத்தைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று நின்றிருந்தது.

"ஏங்க, அந்தக் கடைசிப் பொட்டில இன்னா நம்பரு போட்டுகீது?"

அப்பா கண்ணை இடுக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு எல்லா எண்களையும் கடகடவென்று படித்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். கீறலுக்கான அடிதான் தாமதமாக வருகிறது என்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அம்பத்தூரிலிருந்து மாமா வந்து வண்டியை எடுத்தார். "பொண்ணு மாப்ளைய ஏத்திக்கினு போற வண்டி. சந்தேகத்தோட ஓட்டக் கூடாது" என்று சொல்லி அப்பா சாவியைக் கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கீறல் விழுந்த சக்கரத்தோடு ஓட்ட அப்பாவுக்கு வெட்கம். அவர் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கியவள் நான்.

அம்மாவைக் கெஞ்சிப் பாலிஷை இறக்கினேன். தினமும் காலையில் கழுவி, அழுத்தாமல், நேராகத் தேய்த்தேன். விரல் நுனிகள் கறுத்துப்போயின. அப்பா படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "ஒண்ணுமில்லாத சக்கரத்த இன்னாத்துக்குடி தேய்க்கிற?" என்று சிரிப்பார்.

"எல்லாம் போயிட்டா நீயே ஓட்டுவியாப்பா?"

"ஓட்டலாம், ஓட்டலாம்" என்பார். சிரிப்பு நின்றுவிடும்.

இடையில் ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பினார். கண்ணில் விழுந்த தூசியை எடுத்தார்கள் என்று என்னிடம் சொன்னார்கள். புரை, ஆபரேஷன் என்ற சொற்களை யாரும் என் காதில் போடவில்லை. சர்க்கரைக்காரருக்குப் பார்வை திரும்புமோ திரும்பாதோ என்று அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? என் கவலையெல்லாம் சக்கரம்தான்.

வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. விளிம்பில் ஒரே ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. அது யார் கண்ணுக்கும் தெரியாது என்று முடிவுகட்டி வேலையை முடித்தேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய காலையில் அப்பா நேராக வண்டிக்குத்தான் போனார். குத்துக்காலிட்டார். தலையைச் சாய்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினார்.

"ஏய், இங்க வாடி. இன்னாடி இது ஓரத்துல கோடு? கம்பி நாரு போட்டியா? கைய ஒடிச்சிடுவேன், பார்த்துக்க."

அப்பா என்னைத் திட்டியது அதுவே முதல் தடவை. ஒரு மாதமாக உழைத்தவளுக்கு இதுவா கூலி? ஓவென்று அழுதேன். அடுக்களையிலிருந்து ஓடிவந்த அம்மா எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தால், படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"நல்லாத் திட்டுங்க" என்றாள். "இன்னும் ரெண்டு சேர்த்துத் திட்டுங்க."

பெற்ற தாய் இப்படியும் இருப்பாளா என்று அன்று பொழுது சாயும்வரை நான் அவளோடு பேசவில்லை.