அச்சு மெஷினில் ஓர் உடற்பயிற்சி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வாரமாக நான் ஓர் அச்சு மெஷினோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். தினமும் பதினைந்து நிமிடம். யாரும் சொல்லவில்லை... என் சொந்தப் புத்திதான்!

எனக்கு சர்க்கரை உண்டு. ரத்தத்தில் கொழுப்பு உண்டு. ஈரலிலும் கொழுப்பு என்கிறது ஸ்கேன். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு நான் காட்டிய விசுவாசம் அப்படி! “உடம்பை அசைங்க” என்றார் டாக்டர். அதுதானே எனக்கு வராது?

அப்போதுதான் செல்போனில் அந்த வீடியோ. அதிரும் பலகை மேல் நின்றால் போதுமாம் — தசைகள் தாமாகவே வேலை செய்யுமாம். சும்மா நிற்பதா? எனக்காகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்!

ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு டிரெட்மில்லில் துணி காய்கிறது. இன்னொரு மெஷின் கேட்டால் மனைவி என்னையும் அதில் காயப்போட்டுவிடுவாள். யோசித்தேன். சிவகாசியில் நண்பன் செல்வத்துக்கு காலண்டர் பிரஸ் இருக்கிறது. மெஷின் ஓடும்போது, ஆபரேட்டர் ஏறி நிற்கும் இரும்புப் பலகை கிடுகிடுவென ஆடும். அது போதாதா?

நடக்கச் சோம்பல்பட்டு, தினமும் பஸ் ஏறி ஊர்விட்டு ஊர் போனேன்.

“ஏலே, சீசன் நேரம்... காலண்டர் அடிக்க மெஷின் வாங்கினனா, ஒன் தொப்பைய ஆட்ட வாங்கினனா?” என்றான் செல்வம். ஆனாலும் ஓரமாக நிற்க விட்டான்.

பேப்பரில் மண் ஒட்டும் என்று அங்கே எல்லோரும் செருப்பை வாசலில் விடுவார்கள். நானும் விட்டேன். மற்றவர்களுக்கு அந்தப் பலகையில் உள்ளங்கால் கூசுமாம். எனக்குக் கூசவில்லை. என் கால் அவ்வளவு உறுதி என்று பெருமை வேறு!

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. தாள் அடுக்கும் மாரீஸ்வரி என்னைக் கடந்து போனவர், சட்டென்று நின்றார்.

“அண்ணாச்சி, ஆடாம நில்லுங்க. கால்ல என்னது?”

“சிவப்பு மையாத்தான் இருக்கும்மா.”

“இன்னைக்கி ஓடுறது நீலம் மட்டும்.”

உட்காரவைத்து காலைத் தூக்கிப் பார்த்தார். காலண்டர் தலைப்பில் அடிக்கும் தகரப் பட்டையின் சில்லு ஒன்று உள்ளங்காலில் ஆழமாகப் புதைந்திருந்தது.

“வலிக்கலையா?”

“இல்லையே!”

“அதான் பயமாருக்கு. எங்க அத்தைக்கும் இப்பிடித்தான் வலிக்கல. ரெண்டு விரல எடுத்துட்டாக.”

அடுத்த நிமிடம் ஆட்டோ. அடுக்கும் தாளுக்குத்தான் அவருக்குக் கூலி. அத்தனையையும் போட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

சில்லு ஏறி இரண்டு மூன்று நாள் இருக்கும், சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் விட்டிருந்தால் பாதமே சிக்கல் என்றார் டாக்டர். சர்க்கரை என் பாதத்தின் உணர்வை எப்போதோ தின்றுவிட்டதாம். அதிர்வுப் பயிற்சி என்று ஒன்று உண்டுதான். காலைப் பரிசோதித்து, பக்கத்தில் ஆள் வைத்து, நடையோடும் பத்தியத்தோடும் சேர்த்துச் செய்ய வேண்டியது என்றார். அச்சாபீஸில் அல்ல என்பதை இரண்டு முறை சொன்னார்.

வலிக்கிறதே என்று புலம்புகிறவர்களே... நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்! எனக்காக வலியை இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

புண் ஆறியதும், சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தோடு பிரஸ்ஸுக்குப் போய் மாரீஸ்வரி முன்னால் நின்றேன்.

“இந்தக் கால் நீ குடுத்ததும்மா. உசிர் இருக்கிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஒனக்கு நான் என்ன செய்யணும்... சொல்லு!”

அடுக்கிக்கொண்டிருந்த தாளிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

“வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க, அண்ணாச்சி.”