தாடியோடு ஒரு படம்

என் கணவருக்கு ஊரில் பாராட்டு விழா எடுத்தார்கள். ஆயுசு முழுக்க நாதஸ்வரம் வாசித்தவருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்த விழாக் குழு, காலத்துக்குக் காலம் மாறிய அவர் தோற்றங்களைப் பெரிய படங்களாக வரையச் சொல்லி ஓர் ஓவியரை அனுப்பியது. குடுமியும் கடுக்கனுமாக ஒன்று. கிராப்பும் அரும்பு மீசையுமாக ஒன்று. பட்டு ஜிப்பாவும் தங்கச் சங்கிலியுமாக ஒன்று. வழுக்கையும் கண்ணாடியும் கடைசி. எல்லாவற்றிலும் தோளில் துண்டு. அத்தனை துண்டையும் துவைத்தவள் நான். எனக்குப் பெரிய பூரிப்பு ஒன்றும் வரவில்லை.

“தாடி வச்ச படம் எங்க தம்பி?”

“போட்டோ இல்லையேம்மா.”

அப்போது யார் போட்டோ எடுத்தார்கள்? கூலித் தகராறு முற்றி, பண்ணையார்கள் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கியிருந்த வருஷம். வேலைநிறுத்தத்தில் இருந்த கூலியாட்கள் தெருவில் ஒரு கல்யாணம். இவர் போய் வாசித்துவிட்டு வந்தார். அதன்பிறகு எந்தப் பண்ணை வீட்டிலும் எங்களைக் கூப்பிடவில்லை. முகூர்த்தத்துக்குப் போகும்போதுதான் இவர் சவரம் செய்துகொள்வார். முகூர்த்தமே இல்லை, தாடி வளர்ந்தது. மனைவி மாசமாக இருந்தால் புருஷன் சவரம் செய்யாத வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. குளத்தில் பார்த்தவர்கள் எல்லாம், “எத்தனை மாசம்?” என்று என்னைக் கேட்டார்கள். வயிறு காய்ந்து கிடந்தது. சிரித்து வைத்தேன்.

“அந்த மூஞ்சி வேணாம், விட்டுடு” என்றார் இவர். நான் விடவில்லை. கன்னம் எவ்வளவு ஒட்டியிருந்தது, நரை எங்கே தொடங்கியது என்று சொல்லிச் சொல்லி வரைய வைப்பதற்குள் அலுத்துப்போனேன். படம் முடிந்ததும் அழுதுவிட்டேன்.

விழாவுக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய பெரிய பண்ணையின் மகன். இப்போது கரைவேட்டி கட்டிக்கொண்டு ஆளுங்கட்சியில் இருக்கிறார். நல்ல மனுஷர்தான். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் தாடிப் படத்தின் முன் நின்றார்.

“இது எதுக்கு வச்ச தாடிங்க? வேண்டுதலா?”

“ஆமாங்க, வேண்டுதல்தாங்க” என்றார் இவர். சொல்லும்போதே கை தானாகத் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைப் பிடுங்கி மறுபடியும் அவர் தோளில் போட்டேன்.

“வேண்டுதல் இல்லீங்க. உங்க அப்பா எங்கள மேளத்துக்குக் கூப்பிடாத வருஷம்.”