இன்னொரு சுகன்யா மேரியின் சம்பளச் சீட்டு

சுகன்யா மேரி தன் பெயரை அந்தச் சம்பளச் சீட்டில் பார்த்தது போன ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு. பெயர்தான் அவளுடையது. சம்பளம் வேறொருத்தியுடையது.

அரியலூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது அவள் ஆபீஸ். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அங்கே உட்கார்ந்துகொண்டு ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறார்கள். அங்கே ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறந்தால் இங்கே ஐந்து மணிக்குத் திறந்தாக வேண்டும். ஏலாக்குறிச்சிப் பக்கம் இருக்கிற தன் ஊரிலிருந்து நாலு மணி வேனைப் பிடித்து, ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு தூங்கியபடியே வந்து சேருவாள்.

ஜூலையில் அந்த நாட்டில் வரிக் கணக்கு புதிதாகத் தொடங்கும். அப்போதுதான் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் முதியோர் இல்லங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் வேலை புதிதாக வந்தது. டீம் லீடர் ராஜதுரை நானூறு பேர் பட்டியலை அவள் தலையில் கட்டினார். இருநூறைத் தாண்டியதும் அந்த வரி வந்தது. சுகன்யா மேரி சவரியார். பிறந்த தேதி, பிப்ரவரி பதினொன்று, 1992.

ஒரே பெயரில் ரெண்டு பேர் இருக்கலாம். லூர்து மாதா திருநாளில் பிறந்ததால் மேரி என்று பெயர் வைக்கப்பட்டு, சவரியார் என்ற அப்பாவுக்கு மகளாகவும் ரெண்டு பேர் இருந்து தொலைக்கலாம். சொந்த நாட்டு முகவரி என்ற கட்டத்தில் தன் வீட்டுக் கதவு எண்ணும் தெருவும் இருந்ததைப் படித்தபோதுதான் அவள் மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

பக்கத்து நாற்காலித் தென்றல் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. கணக்கு இடிக்குது."

எட்டு வருடத்துக்கு முன்னால் சுகன்யா நர்சிங் முடித்த கையோடு ஆஸ்திரேலியா போகக் கிளம்பியவள். திருச்சியில் தென்கடல் ஓவர்சீஸ் என்று ஒரு போர்டு. அப்பா சவரியார் கொள்ளிடக் கரையில் இருந்த ஒரே ஒரு ஏக்கர் கரும்பு நிலத்தை விற்று அங்கே கட்டினார். பாஸ்போர்ட், சர்டிபிகேட் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து விசா கிடைக்கவில்லை என்றார்கள். பாஸ்போர்ட் கூரியரில் தொலைந்துவிட்டது என்றார்கள். அடுத்த மாதம் போர்டே இல்லை. சவரியார் அந்த நிலத்தைப் பார்க்கப் பிடிக்காமல் முதலில் வழியை மாற்றிக்கொண்டார், பிறகு வெளியே போவதையே விட்டார், பிறகு படுத்தார், எழுந்திருக்கவில்லை. புதுப் பாஸ்போர்ட் எடுத்துச் சுகன்யா இன்னொரு முறை விண்ணப்பித்தாள். இந்த விவரம் உள்ளவர் ஏற்கெனவே எங்கள் நாட்டில் இருக்கிறார் என்று திரும்பி வந்தது. ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள்.

கோளாறு ஒன்றும் இல்லை. தொலைந்த பாஸ்போர்ட் வேறொருத்தி கையில் விமானம் ஏறிப் போய், அந்த மாநிலத்தின் தலைநகரான அடிலெய்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது.

ஒரு மெயில் போதும். அது நான் இல்லை, நான் இங்கே இருக்கிறேன் என்று நாலு வரி எழுதினால் பெயர் அவளுக்குத் திரும்பி வந்துவிடும். பெயர் வந்தால் வழி திறக்கும். முப்பத்து மூன்று வயது ஒன்றும் பெரிய வயதில்லை. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதவில்லை. ஏன் என்று கேட்டால் உண்மையான பதில் பொறாமை. தான் வாழ வேண்டிய வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட ஆசைப்பட்டாள்.

ஊரில் எல்லாருக்கும் வெளிநாட்டுச் சம்பளத்தைப் பெருக்கத்தான் தெரியும். டாலரை ஐம்பத்தேழால் பெருக்கி, அடேயப்பா என்று வாயைப் பிளப்பார்கள். கழிக்க ஒருவருக்கும் தெரியாது. சுகன்யாவுக்குக் கழிப்பதுதான் தொழில். அந்த மற்றவளுக்குப் பதினாலு நாள் சம்பளம் இரண்டாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு டாலர். தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டு வாடகை மாதிரிச் செலவுகளை வரி போடுவதற்கு முன்னாலேயே சம்பளத்திலிருந்து கட்டச் சொல்லலாம், வரி குறையும். அப்படி அறுநூற்றுப் பதினொன்று போகும். மிச்சத்துக்கு வரி இருநூற்று இருபத்தெட்டு. கைக்கு வருவது ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

அந்தக் கையும் முழுசாக அவளுடையது இல்லை. வங்கியில் போடும்போது ஆயிரத்து நூறு டாலர் இன்னொரு கணக்குக்குப் பிரிந்து போகும். கணக்கின் பெயரைச் சுகன்யா இரண்டு தடவை படித்தாள். தென்கடல் ஓவர்சீஸ். படுத்துத் தூங்க ஓர் அறைக்கு வாடகை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பெயருக்கு வாடகை. சாப்பாடு, பஸ், போன், மருந்து எல்லாம் மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்று மூன்றில். அடிலெய்டு விலைவாசியில் அதை வைத்து என்ன வாங்கலாம் என்று சுகன்யா இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தாள். வயிறு நிறையச் சாப்பிடுகிறவளாகத் தெரியவில்லை.

பொறாமை போய்விட்டது. போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது.

பழைய வருடக் கணக்குகளைப் புரட்டினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு மேல் அந்த மாநிலத்தில் விடுமுறைக் கூலி உண்டு. மற்றவள் ஒரு வருடமும் அதை விட்டதில்லை. சுகன்யா இங்கே குடில் ஜோடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆகஸ்டில் சுகன்யாவுக்குக் காய்ச்சல் வந்து செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் லீவு. திரும்பி வந்து கணக்கைத் திறந்தால், அங்கேயும் செவ்வாய், புதன், வியாழன் மருத்துவ விடுப்பு. அவள் முகத்தைப் பார்க்க மட்டும் வழியில்லை. போட்டோ இருக்கிற கோப்பு சம்பளப் பிரிவுக்குத் திறக்காது.

செப்டம்பரில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுகன்யா தன்னை மறந்து சொன்னாள். "குளிருக்கு ஹீட்டர் போட்டே கரண்டு பில்லு எகிறிடுச்சும்மா. இந்தத் தடவை முந்நூறு டாலரு."

அம்மா இன்னாசிமேரி கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த வூட்டுக் கரண்டுடி? நம்ம வூட்டுல ஃபேனைத் தவிர என்ன ஓடுது?"

சுகன்யா குனிந்து சோற்றைப் பிசைந்தாள். அம்மா அன்று முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் திருமானூர் வங்கியில் பணம் எடுக்கப் போனாள். கவுன்டரில் இருந்த அம்சவள்ளி அவளுக்குத் தெரிந்தவர்தான். சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, கையெழுத்து ஒத்துவரலையே."

சுகன்யா சீட்டைப் பார்த்தாள். கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து விடுவது பள்ளிக்கூடத்திலிருந்தே அவள் வழக்கம். இப்போது வால் மேலே சுழித்துக்கொண்டு நின்றது. அப்படிச் சுழிக்கிறவள் யார் என்று அவளுக்குத் தெரியும். வாடகைச் செலவுப் படிவத்தில் பதினாலு நாளைக்கு ஒருமுறை அந்தக் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு சீட்டு வாங்கி எழுதினாள். அதிலும் வால் மேலேதான் போனது. மூன்றாவது சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக இழுத்த பிறகுதான் பணம் கிடைத்தது.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை மெயிலை எழுதி முடித்தாள். அனுப்புவதற்கு முன்னால், அந்தப் பதினாலு நாளுக்கான வேலை நேரப் பட்டியல் வந்து விழுந்தது. மற்றவளுக்கு நேராக முதல் நான்கு நாளுக்கு மட்டும் மணி நேரம் இருந்தது. பிறகு பூஜ்யம். கீழே நிர்வாகத்தின் குறிப்பு. பணி முடிவு, காரணம் மரணம். ராத்திரி வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குடும்பத்தினரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. கொடுத்திருந்த எண் உபயோகத்தில் இல்லை.

அந்த எண் சவரியாருடையது. அவர் போனதும் சிம் கார்டும் போய்விட்டது.

செய்தி எதுவானாலும் கணக்கு நிற்காது. சுகன்யா மேரியின் கடைசிச் சம்பளத்தைச் சுகன்யா மேரியே போட்டாள். நான்கு நாள் கூலி, எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த விடுப்புக்கான பணம். இறந்தவரின் விடுப்புப் பணத்துக்கு வரி பிடிக்கக் கூடாது என்பது விதி. வரிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். வாடகை இல்லை, பிரிந்து போகும் பங்கு இல்லை. இத்தனை வருடத்தில் அந்தப் பெயருக்கு விடுப்புப் பணம் ஒரு பிடித்தமும் இல்லாமல் நின்றது அன்றுதான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஓய்வுக்கால நிதிப் படிவத்தையும் இணைக்க வேண்டும். நான் இறந்தால் பணம் யாருக்கு என்ற கட்டத்தில் வால் சுழித்த அந்தக் கை எழுதியிருந்தது. இன்னாசிமேரி, தாய்.

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் சொந்தத் தாயின் பெயரை எழுத முடியாத ஒருத்திக்காக அழுதாள். ஜூலையிலேயே தான் சொல்லியிருந்தால் அவள் சிறைக்குப் போயிருப்பாள், திருப்பி அனுப்பியிருப்பார்கள், உயிரோடாவது இருந்திருப்பாள் என்று நினைத்து அழுதாள். அது அவளை இன்றைக்கும் விடவில்லை.

பழைய மெயிலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இறந்தவர் நான் அல்ல, இவரைத் தேடும் தாய் வேறு எங்கோ இருக்கிறார், கண்டுபிடியுங்கள், எனக்கு நான்கு மாதமாகத் தெரியும். முதியோர் இல்ல நிறுவனத்துக்கும் ராஜதுரைக்கும் சேர்த்து அனுப்பினாள்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இத்தனை நாளா வாயைத் தொறக்கலையே நீ. வேலை போயிரும்னு தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

வேலை போகவில்லை, அந்தப் பட்டியல் மட்டும் கைமாறியது. நான்காம் நாள் அடிலெய்டிலிருந்து பதில் வந்தது. விசாரணை தொடங்கியிருக்கிறது. வேறு பெயர் தெரியும்வரை உடல் இந்தப் பெயரிலேயே வைக்கப்பட்டிருக்கும்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் இன்னாசிமேரி ஒன்று மட்டும் கேட்டார். "சாப்பாட்டுக்கு எவ்வளவு மிச்சம்னு சொன்ன?"

சுகன்யா திரும்பச் சொன்னாள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். பங்குச் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் செபஸ்டின் கோயில் வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"சவரியாரு எழுதிட்டேன். அடுத்து?"

"சுகன்யா மேரி."

பேனா நின்றது. "உயிரோட இருக்கறவங்க பேரை இதுல எழுதக் கூடாது தாயி."

"நான் இல்லீங்க. அவங்களுக்கு வேற பேரு எனக்குத் தெரியாது."

பூசையில் சாமியார் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். சுகன்யா மேரி என்றபோது குரலில் ஒரு மாற்றமும் இல்லை, அவருக்கு அது நோட்டில் இருக்கிற இன்னொரு பெயர். பெண்கள் பக்கம் மட்டும் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவளைப் பார்த்தார்கள், சிலுவை போட்டுக்கொண்டார்கள். இவளுக்கு நித்திய இளைப்பாற்றி தாரும் என்று இறந்தவர்களுக்கான செபத்தை எல்லாரும் முணுமுணுத்தபோது, பழக்க தோஷத்தில் அவள் வாயும் சேர்ந்து முணுமுணுத்தது. தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோமா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. இன்னாசிமேரி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார், நாடி பார்க்கிறவர் மாதிரி.

மாலையில் கல்லறைக்குப் போனார்கள். சவரியாரின் கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, சுகன்யா ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினாள். பெயரில்லாதவர்களுக்கென்று பெரிய சிலுவையடியில் ஏற்றுவது அங்கே வழக்கம். அந்தப் பக்கம் நடந்தவளை அம்மா கூப்பிட்டார்.

"அங்க ஏன் போற? இங்கயே ஏத்து, உங்கப்பாகிட்ட."

"அம்மா, அவ யாரோ."

"யாரோ இல்லடி. உங்கப்பா நெலத்தை வித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி வச்ச பொண்ணு அவதானே."

சுகன்யா குனிந்து, அப்பாவின் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினாள். காற்றடித்தது. இன்னாசிமேரி முந்தானையை விரித்து இரண்டுக்கும் சேர்த்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.