ஏழாவது கையெழுத்து

செய்தியாளர்களைக் கூட்டிச் சங்கம் நடத்துவது, கேள்வி கேட்டே பழகியவர்களிடமிருந்து பதில் வாங்கும் தொழிலாகும். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகக் கல்விச் செய்திகளை அனுப்பிவந்தேன். அந்தக் குற்றத்துக்காக, எங்கள் மாவட்டத்துப் பெண் நிருபர்கள் தொடங்கிய சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். இப்போது ஆண்டு மலருக்காகச் சங்கத்தின் வரலாற்றைக் கேட்கிறார்கள். ஏதேனும் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்து நொந்தவர்கள் இதைப் படிப்பார்களானால், நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான்காம் விதி

கள்ளக்குறிச்சியில் ஒரு புகைப்பட நிலையத்தின் மாடியில் முதல் கூட்டம் நடந்தது. என்னையும் சேர்த்து வந்தவர்கள் ஆறு பேர். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். ஏழாமவரைப் பிறகு தேடலாம், முதலில் விதிகள் ஒழுங்காக அமையட்டும் என்று சொல்லி, விதிகளை நானே எழுதினேன். அவற்றில் நான்காவது: உறுப்பினராக விரும்புவோர் தம் பெயருடன் அச்சான மூன்று செய்திகளைக் காட்ட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் செய்தி நறுக்குகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தனர். ஒன்றில்கூடப் பெயர் இல்லை. ஊர்ச் செய்தி எழுதுபவரின் பெயரை எங்கள் இதழ்கள் போடுவதில்லை. ‘நமது நிருபர்’ என்றுதான் வரும். நான் ஒன்பது ஆண்டுகளாக எழுதியவையும் அப்படியே வந்திருந்தன என்பது விதியை எழுதியபோது எனக்குத் தோன்றவில்லை. உளுந்தூர்பேட்டை நிருபர் கலைச்செல்வி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், இந்த ரூம்ல பேரு அச்சுல வந்தவரு சுவத்துல தொங்குற காலண்டர் குடுத்த நகைக்கடைக்காரர் ஒருத்தர்தாங்க.”

சாட்சிகள்

விதியைத் திருத்தினேன், கைவிடவில்லை. செய்தியில் இடம்பெற்ற ஒருவர், ‘இவர்தாம் நேரில் வந்து விவரம் கேட்டார்’ என்று எழுதித் தந்தால் போதும் என்று மாற்றினேன். கலைச்செல்வி, நெடுஞ்சாலை விபத்து ஒன்றை முதலில் பார்த்த பரோட்டாக் கடைக்காரரிடம் கடிதம் வாங்கிவந்தார். ‘இந்தம்மாதான் வந்தாங்க, ஒரு மணி நேரம் கேட்டாங்க, டீ குடுத்தேன், குடிக்கல’ என்று அதில் இருந்தது. இதைவிடச் சிறந்த சான்றிதழை நான் பணிக்காலத்திலும் கண்டதில்லை.

விதி எனக்கும் பொதுவானதால், களமருதூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் தலைமையாசிரியரை அணுகினேன். அவருடைய பள்ளியைப் பற்றி நான் எழுதிய செய்தி நல்ல செய்திதான். அவரும் உடனே எழுதித் தந்தார். ஆனால் கடிதத்தை நீட்டும்போது அவர் சொன்னதைக் கலைச்செல்வியிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது: “நீங்க செய்தி கேக்கத்தான் வந்தீங்கன்னு மறுநாள் பேப்பர் பாத்துதாங்கம்மா தெரிஞ்சிது. அன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன்னு நெனச்சி நின்னுகினே பதில் சொன்னேன்.”

மலையிலிருந்து ஒருவர்

ஏழாமவரைக் கண்டுபிடித்தவரும் கலைச்செல்விதான். சிறிய ஊர்களில் நாளிதழின் விற்பனை முகவரே நிருபராகவும் இருப்பது வழக்கம். கல்வராயன் மலையில் முகவர் ஏழுமலை. நிருபர் அட்டையும் அவர் பெயரில்தான். ஆனால் ஊர் ஊராக நடந்து விவரம் கேட்டு எழுதி, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் அலுவலகத்துக்குப் படித்துச் சொல்பவர் அவருடைய மனைவி மல்லிகா.

பேருந்தேறி அவர்கள் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனேன். சாமை அறுப்பிலிருந்து வந்த மல்லிகாவுக்குப் பதவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, அட்டைதான் வேண்டும். மலைக்கிராமம் ஒன்றில் ரேஷன் கடை ஒரு மாதமாகத் திறக்கவில்லை என்று அவர் எழுதிய செய்தி வந்திருந்தது. எப்போது திறக்கும் என்று அதிகாரியைக் கேட்பதற்காக மனுநீதி நாள் முகாமுக்குப் போனவரை, செய்தியாளர் நாற்காலியிலிருந்து எழுப்பி, மனு கொடுப்போர் வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கேள்வியைக் கேட்காமலே திரும்பியிருக்கிறார். அட்டை இருந்தால் எழுப்ப மாட்டார்கள் அல்லவா என்று என்னிடம் இருமுறை கேட்டார். கடை வாசலில் செய்தித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த ஏழுமலைக்கு இதிலுள்ள குறை பிடிபடவில்லை. “எம் பேர்ல வந்தா இன்னாங்க டீச்சர், ரெண்டு பேரும் ஒரே வூட்லதானே இருக்கோம்?”

கணவர் எழுதிய கடிதம்

மல்லிகாவுக்குச் சாட்சி சொல்ல ஒரு கிராமமே இருந்தது. ஆனால் அவர் யாரிடமும் கேட்கவில்லை. விவரம் கேட்டு வந்தவர் மனைவி என்று எழுத்தில் பதிந்தால், ஏழுமலையின் அட்டை போகும். முகவர் உரிமையும் போகலாம். சங்கம் வேண்டாம் என்று மல்லிகா தொலைபேசியில் சொல்லிவிட்டார். மல்லிகாவுக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாம் என்றனர் மற்றவர்கள். ஒருவருக்குத் தளர்த்திய விதி விதியாகாது என்று நான் மறுத்தேன். ஏழாவது கையெழுத்துக்கு இடம் விட்ட தாள்கள் இரண்டு மாதம் என் பையிலேயே கிடந்தன.

ஒருநாள் மல்லிகா கூட்டத்துக்கு வந்தார், பின்னால் ஏழுமலை. ஏழுமலைதான் என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, சுவரில் வைத்து நின்றபடியே எழுதினார்: ‘செய்தி கேட்பதும் எழுதுவதும் என் மனைவி மல்லிகா. பேப்பர் கட்டைப் பிரித்துப் போடுவது மட்டும் நான்.’ இதனால் எதையெல்லாம் இழக்க நேரும் என்று தெரியுமா எனக் கேட்டேன். தெரியும் என்றார். ரேஷன் கடைச் செய்தி வந்ததிலிருந்து, அந்தக் கடையின் விற்பனையாளருக்கு வேண்டியவர்கள் நாள்தோறும் அவர் கடைக்கு வந்து சண்டையிடுகிறார்களாம். “நான் அந்த ஊரையே பாத்ததில்லீங்க, இன்னா பதில் சொல்லுவேன்? அவ பேரு வரட்டும், திட்டுறவன் அவகிட்ட போவட்டும். அவ கேக்கற கேள்விக்கு அவந்தான் ஓடுவான்.”

முகாம்

செய்திக்காகத் திட்டு வாங்குபவரும் செய்தியில் இடம்பெற்றவர்தாம் என்று நான்காம் விதிக்குப் பொருள் கொண்டேன். சங்கம் பதிவாயிற்று. அஞ்சியபடியே நாளிதழ் ஏழுமலையின் அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முகவர் உரிமையை விட்டுவைத்தது. மல்லிகாவுக்கு அட்டை எதையும் அனுப்பவில்லை. ஆகவே மலையில் அடுத்த முகாம் நடந்தபோது, அவர் கையில் இருந்தது நான் பெயர் எழுதிக் கொடுத்த சங்க அட்டை ஒன்றுதான். அது செல்லுமா என்று எனக்கே உறுதியில்லாததால் உடன் போனேன். ஓர் அலுவலர் வந்து அட்டையை முன்னும் பின்னும் படித்தார். மல்லிகாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று மல்லிகா எழுந்து கேட்டார். மனுக்கள் முடிந்ததும் சொல்வதாக அதிகாரி சொன்னார். மனுக்கள் முடிகிற வழியாக இல்லை. மற்ற நிருபர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினர். எனக்குக் கீழே இறங்கும் கடைசிப் பேருந்தின் கவலை வந்துவிட்டது. கடை மறுவாரமே திறந்தது என்பதை மலருக்காகக் குறித்துவைக்கிறேன். நான் எழுந்து, நாளைக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம் வா என்று அழைத்தபோது, மல்லிகா நாற்காலியை விட்டு அசையவில்லை. “நீங்க போங்க டீச்சர். சொல்றேன்னு சொன்னாரில்ல, சொல்ற வரைக்கும் குந்திகினு இருக்கேன்.”

ஆக, ஆண்டு மலருக்கு நான் தரக்கூடிய வரலாறு இவ்வளவே: நாள்தோறும் செய்துவந்த வேலையைத் தாங்கள்தாம் செய்கிறோம் என்று மெய்ப்பிக்க ஏழு பெண்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று, அதில் இரண்டு மாதம் என் விதியால் போயிற்று.