ஜாக்கியில் ஏறிய வீடும் ஏற முடியாத அக்காவும்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் என்ன வேலை, எந்த ஊர் என்றெல்லாம் நாங்கள் முதலில் கேட்பதில்லை. "ரோட்டுக்கு மேலயா, கீழயா?" என்றுதான் கேட்போம். மேற்கு தாம்பரத்தைத் தாண்டி, ஏரியை ஒட்டிய தெரு. நாங்கள் வீடு கட்டியபோது வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கினோம். அதன் பிறகு சாலை போட வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதியதைக் கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். தெரு வளர்ந்தது, வீடு வளரவில்லை. கடைசியில் நாங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு ஏறிக்கொண்டிருந்தோம்.

ஐப்பசி பிறந்தால் போதும், தெருத் தண்ணீர் அழைக்காமலே கூடத்துக்கு வந்துவிடும். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைப்போம், ஃபிரிட்ஜைச் சாப்பாட்டு மேஜைமேல் ஏற்றுவோம், கழிவறையை நினைத்துக் கவலைப்படுவோம். அதற்காகத் தெருக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டினார். அவருக்கு அடுத்தவர் அவரைவிட அரை அடி கூட்டிக்கொண்டார். அவருக்கும் அடுத்தவர் இன்னும் அரை அடி. பக்கத்து வீட்டைவிட அரை அடி அதிகம் என்பதுதான் எங்கள் தெரு கண்டுபிடித்த ஒரே பொறியியல். எல்லாரும் உயர்ந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அது உயராத இரண்டு வீடுகளுக்கு வந்தது. ஒன்று எங்களுடையது, இன்னொன்று அக்காவுடையது.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். கணவர் குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருந்தவர், இப்போது இல்லை. மகன் மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. பகல் முழுக்க அக்கா வீட்டில் தனியாகத்தான் இருப்பார். நான் பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் அவருக்கு இன்றும் "டீச்சர்". சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் காம்பவுண்டு சுவரில் நாங்களே உடைத்துவைத்த இடைவெளி வழியாக எங்கள் வீட்டுக்கு வருவார். கையில் அவருடைய பெரிய எவர்சில்வர் டம்ளர் இருக்கும். "உங்க வூட்டு டம்ளர்ல டீ குடிச்சா மருந்து குடிச்ச மாதிரி இருக்கு டீச்சர்" என்பது அவருடைய நெடுநாள் புகார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் என்னுடைய பகல் முழுக்க நகரும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

என் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, காரைக் கழுவுவது. மற்றொன்று, மழைநீர் வடிகால் பற்றி மனு எழுதுவது. தெருவில் உயர்ந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் வண்டி ஏற்றுவதற்காக வடிகால் மேலேயே சிமெண்டு ரேம்ப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டார்கள் என்பது அவருடைய கட்சி. கட்சி நியாயமானதுதான். ஆனால் அதைக் காலை நடையின்போது அந்தந்த ரேம்பின் மேல் நின்றுகொண்டே உரக்கச் சொல்வார். தெருவில் பாதிப் பேர் எங்களைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

போன மழையில் காருக்குள் தண்ணீர் புகுந்தது. கூடத்துக்குள் எத்தனை தடவை வந்தபோதும் அசையாத மனிதர், கார் சீட்டைப் பிழிந்த அன்று முடிவெடுத்தார். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கப் போகிறோம், அதுவும் நான்கு அடி. மகள் இருப்பது கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு நாட்டில். வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னோம். "இங்க எல்லாம் தண்ணிக்கு இடம் விட்டுத்தான்பா ஊரையே கட்டுறாங்க" என்றாள். "இங்க அது இடம் கேட்கறதே இல்லம்மா, அதுவா எடுத்துக்குது" என்றார் இவர்.

வீட்டைத் தூக்கும்போது உள்ளேயே குடியிருக்கலாம், பால் காய்ச்சினால்கூடச் சிந்தாது என்று மேஸ்திரி சத்தியம் செய்தார். எனக்குத் தைரியம் வரவில்லை. "எங்க வூடு எதுக்கு இருக்கு?" என்று அக்கா கேட்டார். அவ்வளவுதான், வேலை முடியும்வரை அவர் வீட்டில் இருந்தோம். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகள் உட்கார்ந்தன. ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே சமயத்தில் கால் சுற்றுத் திருகினார்கள். வீடு எழுந்தது. என் கணவர் அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒருநாள் அவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "சார், வூடு மேல போவுது. படி எப்டி வரும்?"

"படியா? அது சின்ன விஷயம். கடைசில பார்த்துக்கலாம்" என்றார் சார்.

கடைசியில் பார்த்தோம். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே இருந்த இடத்தில் படி வைத்தால் அது ஏணி மாதிரிதான் நின்றது. ஒவ்வொரு படியும் என் முழங்கால் உயரம். வீட்டைத் தூக்க இத்தனை கணக்குப் போட்ட மனிதர், வீட்டுக்குள் மனுஷர்கள் ஏறிப் போக வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து வெகுநாளாகிறது. உயர்ந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பிய அன்று படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "ஜோரா கீது டீச்சர்" என்று சொல்லிவிட்டு டம்ளரோடு திரும்பிப் போனார்.

அவர் வீட்டையும் தூக்கலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டோம். பழைய சுவர், ஜாக்கியைத் தாங்காது என்றார். ஆக, தெருவில் மிச்சமிருந்த ஒரே பள்ளம் அக்கா வீடு. எங்கள் கூடத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரையும் சேர்த்து இனி அதுதான் வாங்க வேண்டும். அது எனக்கு ராத்திரி சோறு இறங்காத அளவுக்கு உறுத்தியது.

அடுத்த மழையில் அப்படியேதான் நடந்தது. காலையில் பிடித்த மழை மதியத்துக்குள் அக்கா வீட்டு வாசலைத் தாண்டியது. மகன் ஷிப்டில் இருந்தான். என் கணவர் குடையோடு இறங்கிப் போய் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். அக்கா முதல் படியில் ஏறினார், இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து குடையைப் பிடித்தேன். கீழே தண்ணீர், மேலே நாங்கள் உயர்த்திவைத்த வீடு, இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இருவரும் நனைந்துகொண்டிருந்தோம். கடைசியில் என் கணவரும் எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். மாடிகளில் இருந்து தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மெதுவா, மெதுவா, சாயாம புடிங்க" என்று என் கணவர் ஜாக்கிக்காரர்களிடம் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"சார், தூக்குனது உங்க வூட்டோட போதும். என்னயும் ஏன் தூக்குறீங்க?" என்றார் அக்கா முந்தானைக்குள்ளிருந்து. சிரிப்பதற்காகச் சொன்னது மாதிரிதான் இருந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அவரை அதே நாற்காலியில் இறக்கினார்கள். அதன் பிறகு அவர் வரவில்லை. நான்தான் இறங்கிப் போனேன். போகும்போதெல்லாம் நன்றாகப் பேசினார், டீ கொடுத்தார். ஆனால் அடுத்த மழைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டபோது மட்டும் நேராகச் சொல்லிவிட்டார். "கட்டில் மேல உக்காந்துப்பேன் டீச்சர். நாற்காலில வர மாட்டேன்." அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

என் கணவரிடம் சொன்னேன். மேஸ்திரியை வரவழைத்தார். மேஸ்திரிக்கு இது ஒரு விஷயமே இல்லை. "இன்னா சார் யோசிக்கிறீங்க? ரேம்ப ரோட்டாண்ட வரைக்கும் இழுத்துடலாம். வடிகால் மேலதான் எல்லார் வூட்லயும் கீது."

என் கணவர் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அக்கா. மறுபக்கம் அவர் இத்தனை காலம் எழுதிய மனுக்களும், அந்த ரேம்ப்களின் மேல் நின்று ஆற்றிய சொற்பொழிவுகளும். இவரும் ரேம்ப் போட்டால் தெரு மறுநாளே பாயசம் வைத்துக் கொண்டாடும். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். முன்பக்கம் அளந்தார், பின்பக்கம் அளந்தார். கடைசியில், காருக்காக மண் கொட்டி ரோட்டு மட்டத்துக்கு மட்டும் உயர்த்திய போர்டிகோவில், காருக்கு முன்னால், வெகுநேரம் நின்றார். காம்பவுண்டுக்குள் நீளமாகச் சரிவு போடுமளவுக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

"வண்டிய எங்க விடுவீங்க?" என்று கேட்டேன்.

"மழை வந்தா ஊரே மேம்பாலத்துல கொண்டுபோய் விடுது. நாமளும் விட்டுட்டுப் போறோம்" என்றார். வீடு எழுந்ததே அந்தக் காருக்காகத்தான் என்று நான் அப்போது ஞாபகப்படுத்தவில்லை. இந்த வயதில் சிலவற்றைப் பேசாமல் விடத் தெரிந்திருக்கிறது.

காம்பவுண்டு சுவரில் இருந்த எங்கள் இடைவெளியிலிருந்து தொடங்கி, வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி மெல்ல ஏறி, கூடத்துக் கதவில் முடிந்தது சரிவு. இரண்டு பக்கமும் கம்பிக் கைப்பிடி. வடிகாலை ஒரு அங்குலம்கூட மறைக்கவில்லை என்பதைத் தெருவில் எல்லாரையும் நிறுத்திக் காட்டினார். கார் தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போயிற்று. காக்கைகள் தங்கள் பங்குக்கு அதை அலங்கரித்தன. அவர் தினம் கழுவினார், அவை தினம் அலங்கரித்தன.

வேலை முடிந்ததை அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நல்லதுதான் டீச்சர், மழைக்கு ஆவும்" என்றார். அவர் வருவது இனி மழைக்கு மட்டும்தானா என்று மனசு விட்டுப்போய்த் திரும்பினேன்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு சாயங்காலம். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. கம்பியில் எவர்சில்வர் உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கதவைத் திறந்தேன். அக்கா ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, தானாகவே ஏறி வந்துகொண்டிருந்தார். மறு கையில் அந்தப் பெரிய டம்ளர். கை கொடுக்க ஓடிய என் கணவரைத் தலையை ஆட்டியே தடுத்துவிட்டார்.

மேலே வந்து கதவு நிலையைப் பிடித்து மூச்சு வாங்கினார். "மழையே இல்லையே அக்கா" என்றேன் அசட்டுத்தனமாக.

"மழைக்கா வந்தேன்?" என்று டம்ளரை நீட்டினார். "டீ போடுங்க."