தோர்ன்வெல்லில் விடுபட்ட கொல்லன் குடும்பம்

1086: 17 வீடுகள்.
1349: 6 வீடுகள்.
1672: 38 வீடுகள்.
1801: 212 பேர்.
1901: 167 பேர்.
2021: 94 பேர்.

இது இங்கிலாந்தில் உள்ள தோர்ன்வெல் என்ற சிற்றூரின் கணக்கு. றேமன்ட் அந்த ஊரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில், தட்டுக் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து, அதன் தொள்ளாயிரம் ஆண்டுக் கதையைத் தன் கையால் பிரதியெடுத்தவர் அவர்தான்.

1993 பெப்ரவரி. றேமன்ட் இலங்கையின் மன்னாரில் காணிப்பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. பழக்கம் மட்டும் விடவில்லை. உடைகிற தட்டுகளைக்கூட நாள்வாரியாக எழுதிவைப்பார். முதலாளி இதைப் பகிடியாக விருந்தினருக்குச் சொல்ல, அவர்களில் ஒருவரான மிஸ் பெல்லமி மட்டும் சிரிக்காமல் ஆளைக் கூப்பிடச் சொன்னார். அவர் தோர்ன்வெல்லில் ஆசிரியையாக இருந்தவர். தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்துத் தன் ஊரின் வரலாற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதியிருந்தார். கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. அச்சகத்துக்குத் துப்புரவான பிரதி ஒன்று வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட ஓய்வில் றேமன்ட் பன்னிரண்டு நாள் எழுதினார். கொள்ளைநோய்க்குப் பிறகு ஆறே வீடு மிஞ்சியது, பொதுப் புல்வெளியை நிலப்பிரபு வேலியடைத்தது, பிள்ளைகள் ஆலை தேடிப் போனது எல்லாம் அவருடைய உருண்டை எழுத்தில் வரிசையாக நின்றன. புறப்படும்போது மிஸ் பெல்லமி, அகதி விண்ணப்பத்தைப் பார்க்கும் கன்டோன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார்: ‘ஒரு எழுத்தும் பிழைவிடாத மனிதர்.’ அது றேமன்டின் கோப்பில் சேர்ந்தது.

1994 டிசம்பரில் மிஸ் பெல்லமியின் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. புத்தகம் அச்சாகிவிட்டது, ஆனால் 1712 முதல் 1731 வரை ஊரில் வாழ்ந்த கொல்லன் குடும்பம் அதில் இல்லை. அந்த வழியில் வந்த டொம் யெல்லண்ட் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். பழைய வேலித் தகராறுக்குப் பழிவாங்கத்தான் மிஸ் பெல்லமி தன் முன்னோரைப் புத்தகத்திலிருந்து வெட்டிவிட்டதாகச் சொல்லி டொம் பேச்சை நிறுத்திவிட்டார். ‘குறிப்பேட்டை எறிந்துவிட்டேன். தேவாலயத்தில் பார்த்து எழுதும்போது என் கண்தான் தவறவிட்டிருக்கும்.’

றேமன்ட் தன் நாட்குறிப்பை எடுத்தார். கையேற்ற குறிப்பேட்டில் தாள்கள் 118. பன்னிரண்டு நாள் எழுதியதைக் கூட்டினால் 117. கழுவிய கையின் ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டி, ஒன்று எழுதப்படாமல் போயிருக்கிறது. முடிவில் கூட்டிப்பார்க்கவில்லை.

சொன்னால் கோப்பில் உள்ள கடிதம் பொய்யாகிவிடும் என்று பயந்தார். 1998 மே மாதம் வதிவிட அனுமதி கிடைத்தது. இனிப் பயப்பட ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ‘நாங்கள் நலம்’ என்று வாழ்த்து அட்டை மட்டும் போனது.

2022 டிசம்பர் 9. மிஸ் பெல்லமியின் அட்டை வேறு யாரோ ஒருவரின் கையெழுத்தில் வந்தது. அவருக்கு வயது தொண்ணூற்றொன்று. றேமன்ட் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

“இஞ்சாருங்கோ, முன்னூறு வருசத்துக்கு முந்திச் செத்த வெள்ளைக்காரக் கொல்லனுக்கோ இண்டைக்குத் துக்கம் கொண்டாடுறியள்? குழம்பு ஆறுது,” என்றார் மனைவி பெர்னடெற். புத்தகத்தில் ஆள் விடுபட்ட கதை அவருக்குத் தெரியும்; விட்டது யார் என்று தெரியாது.

“அவனைக் காணாமல் ஆக்கினது நான்தான்.”

தாள் கணக்கு முழுவதையும் அவர் பெர்னடெற்றுக்குச் சொல்லி முடித்தார்.

“இருவத்தெட்டு வருசமா அந்த மனுசி தன்னிலைதான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டோ இருக்குது?”

“ஓம்.”

“நான் ஒரு கரண்டியைத் துலைச்சாலே திகதியோடை சொல்லிக்காட்டுற ஆள் நீங்கள்.”

“இப்ப எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?”

“நல்லதா நினைக்க வேணுமெண்டோ எழுதப்போறியள்?”

மூன்று நாள் கழித்து எழுதி அனுப்பினார். 118, 117, ஈரக் கை, அனுமதி கிடைத்த மாதம், ஒன்றையும் விடவில்லை.

பதிலும் அந்த வேறு கையெழுத்தில்தான் வந்தது. டொம் யெல்லண்ட் போன ஒக்டோபரில் இறந்துவிட்டார். ‘கடைசி வாரத்தில் அவர் கட்டிலருகே போய் மூன்றாம் முறையாக மன்னிப்புக் கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உங்கள் கடிதம் மூன்று மாதம் முன்னே வந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். நான் கோபத்தில் இதைச் சொல்லவில்லை. ஆனால் இனி எழுதவேண்டாம்.’

இந்தக் கடைசிக் கடிதம் வந்த திகதி: 2023 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை.